நாமா, நாங்களா? கியூபெக் பிரியுமா என்று கேட்பவர்களுக்கு

1995 அக்டோபர் 30, திங்கட்கிழமை இரவு. மொன்றியலில் கோத்-தே-நேஜ் பகுதியில் அப்போது நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டில் முந்நூற்றிநாலு சீட்டாட்டம் பாதியில் நின்றுபோனது. துரும்பு கவிழ்த்தபடியே மேசையில் கிடந்தது. அப்பா, மாமா, மாமாவோடு உணவகத்தில் கோப்பை கழுவிய இருவர், நால்வரும் சீட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கியூபெக் மாகாணம் கனடாவை விட்டுப் போவதா இல்லையா என்ற வாக்கு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது வயது 15. வீட்டில் பிரெஞ்சு ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாடகைக் கடிதம், மின்சாரக் கட்டணம், வைத்தியரின் மருந்துச் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். அன்றைக்கு ஒரு நாடு உடைவதா என்பதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

கிழக்கிலிருந்து முதலில் வந்த முடிவுகளில் 'ஆம்' முன்னால் நின்றது. "ரொறன்ரோவுக்கு வான் பிடிக்க வேண்டியதுதான்" என்றார் மாமா. மொன்றியல் தீவின் பெட்டிகளை எண்ண எண்ண இடைவெளி சுருங்கியது. பத்து மணி தாண்டி 'இல்லை' முந்தியது. கடைசிக் கணக்கு 50.58க்கு 49.42. வித்தியாசம் 54,288 வாக்குகள். மொன்றியலின் ஒலிம்பிக் மைதானத்தில் அவ்வளவு பேரை உட்கார வைத்தாலும் சில கதிரைகள் மிஞ்சும். வாக்களித்தவர்கள் 93.52 சதவீதம். படுக்கையில் கிடந்தவர்களைத் தவிர எல்லாரும் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு மாகாண முதல்வர் ஜாக் பரிசோ மேடைக்கு வந்தார். பிரெஞ்சு பேசும் கியூபெக் மக்கள் என்று சொல்வதை விடுவோம், 'நூ' என்றே சொல்வோம் என்றார். 'நூ' என்றால் பிரெஞ்சில் தன்மைப் பன்மை. அந்த 'நூ'வில் 60 சதவீதம் 'ஆம்' போட்டது என்றார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

"நாங்கள் அறுபது வீதம் ஓம் எண்டு போட்டிருக்கிறமாம்."

"நாங்களோ? ஆர் அந்த நாங்கள்? நான் இல்லை எண்டெல்லோ போட்டனான்!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் பரிசோ அடுத்ததையும் சொல்லிவிட்டார். எதனால் தோற்றோம்? பணத்தாலும் இனக்குழு வாக்குகளாலும். இதையும் மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா துரும்பை நிமிர்த்திப் பார்த்துவிட்டு ஆட்டத்தைக் கலைத்தார்.

2025 அக்டோபரில் அந்த இரவுக்கு முப்பது வருஷம் ஆனது. தொலைக்காட்சியில் பழைய காட்சிகளை ஓட்டினார்கள். அதைப் பார்த்த ரொறன்ரோ உறவினர்கள் இருவர் "உங்கட மாகாணம் பிரியப் போகுதாமே?" என்று வாட்ஸப்பில் கேட்டார்கள். இதுதான் பதில். கொஞ்சம் நீளம்.

முதலில் அந்த மொழிபெயர்ப்புப் பிழை. தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் இரண்டுக்கும் 'நாங்கள்' என்றே ஓட்டிவிடுவோம். ஆனாலும் எழுதும்போது அந்த வித்தியாசம் கையில் இருக்கிறது. பிரெஞ்சுக்கு அது இல்லை. 'நூ' என்று ஒருவர் சொன்னால் எதிரில் நிற்பவர் உள்ளேயா வெளியேயா என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கியூபெக் சுதந்திர இயக்கத்தின் ஐம்பது அறுபது வருஷக் கதையை இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தமிழன் என்பதால் தோன்றுகிறதோ தெரியாது.

பரிசோவின் கணக்கு பிழையா என்றால், கணக்காகப் பிழையில்லை. பிரெஞ்சு பேசுவோரில் பெரும்பான்மை 'ஆம்' என்றது. ஆங்கிலம் பேசுவோரும் எங்களைப் போல வந்தவர்களும் கிட்டத்தட்ட ஒட்டுமொத்தமாக 'இல்லை' என்றோம். ஆனால் அந்த 60 போக மிச்சம் 40 சதவீதப் பிரெஞ்சுக்காரரும் 'இல்லை' என்றுதானே போட்டார்கள்? அவர்களைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நல்ல பொருளாதார நிபுணர், இலண்டனில் படித்தவர், எண்களோடு வாழ்ந்தவர். அந்த இரவு எண்ணத் தெரியாதவர் போல எண்ணினார். மறுநாள் பதவி விலகப்போவதாக அறிவித்தார்.

அந்த மறுநாள் ஹலோவீன். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் பேய் வேஷம். எங்கள் பிரெஞ்சு ஆசிரியை கண் சிவந்து வந்தார். எழுத்துக்கு எழுத்து எனக்கு அந்த மொழியைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவர் என்னைப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன். அன்று சொல்வதெழுதல் மட்டும் நடந்தது.

அவர் ஏன் அழுதார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்க வருஷங்கள் ஆகின.

1759இல் கியூபெக் நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளியில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. 1763 ஒப்பந்தத்தில் பிரான்ஸ் இந்த நிலத்தை அப்படியே கைகழுவிவிட்டது. இங்கே நின்றுபோன சில பத்தாயிரம் விவசாயிகளின் பிள்ளைகள்தான் இன்றைய கியூபெக்காரர். மாகாணத்தின் வாகன இலக்கத் தகடுகளில் 1978 முதல் 'ழு ம சுவியென்' என்று எழுதியிருக்கும். 'எனக்கு நினைவிருக்கிறது' என்று பொருள். எது நினைவிருக்கிறது என்று தகட்டில் இல்லை. அது ஆளுக்கு ஆள் மாறும்.

1759ஐ நினைத்து யாரும் இன்றைக்கு அழுவதில்லை. அவர்களின் காயம் கிட்டத்தையது. 1960களில் மத்திய அரசு அமைத்த இருமொழி ஆணைக்குழு ஒன்று கியூபெக்கில் எந்த இனத்தார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பட்டியல் போட்டது. தங்கள் சொந்த மாகாணத்தில், தாங்கள் பெரும்பான்மையாக வாழும் இடத்தில், பிரெஞ்சுக்காரர் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். அவர்களுக்குக் கீழே இத்தாலியக் குடியேறிகளும் பழங்குடி மக்களும்தான். தொழிற்சாலையில் முதலாளி ஆங்கிலத்தில் திட்டுவார், தொழிலாளி பிரெஞ்சில் கேட்டுக்கொள்வார். மொன்றியலின் பெரிய கடைகளில் விற்பனைப் பெண்ணிடம் பிரெஞ்சில் கேட்டால் பதில் வராத காலம் ஒன்று இருந்தது.

இதெல்லாம் 1960இல் புரளத் தொடங்கியது. ஜான் லெசாஜின் அரசு தேவாலயத்தின் பிடியிலிருந்து பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எடுத்தது. தனியார் மின் கம்பனிகளை வாங்கி அரச மின் நிறுவனமான ஹைட்ரோ-கெபெக்கோடு சேர்த்தது. 'எங்கள் வீட்டில் நாங்களே எசமானர்' என்பது 1962 தேர்தல் கோஷம். மின்சாரத்தை அரசுடைமையாக்கிய மந்திரி ரெனே லெவெக், முன்னாள் தொலைக்காட்சிச் செய்தியாளர், எந்நேரமும் சிகரெட், தலையில் நாலு முடியை இழுத்து வாரியிருப்பார். 1967 ஜூலையில் பிரெஞ்சு அதிபர் சார்ல் து கோல் மொன்றியல் நகர மண்டபத்தின் மாடத்தில் நின்று 'சுதந்திர கியூபெக் வாழ்க' என்று முழங்கிவிட்டு, கனடியத் தலைநகர் ஒட்டாவா பக்கமே போகாமல் ஊருக்குத் திரும்பினார். அடுத்த வருஷம் லெவெக், கியூபெக்குக்குத் தனிநாடு கேட்கும் பார்த்தி கெபெக்வா கட்சியைத் தொடங்கினார். 1970 அக்டோபரில் ஒரு தீவிரவாதக் குழு பிரித்தானிய ராஜதந்திரி ஒருவரையும் மாகாண மந்திரி பியேர் லப்போர்ட்டையும் கடத்தியது. லப்போர்ட் கொல்லப்பட்டார். தெருவில் இராணுவம், விசாரணையின்றிச் சுமார் 500 பேர் கைது. ஆயுதப் பாதை அத்தோடு முடிந்தது. இயக்கம் முழுக்க வாக்குப் பெட்டிக்குள் போனது.

1976 நவம்பர் 15இல் லெவெக் வென்றார். 110 தொகுதிகளில் 71. அதே வருஷம் மே மாதம்தான் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுத்தார்கள். அப்பா இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லுவார். 1977 ஆகஸ்ட் மாதம் கியூபெக்கில் 101ஆம் சட்டம் வந்தது. அதே ஆகஸ்டில் இலங்கையில் தமிழரை அடித்தார்கள். "இவங்களும் கேட்டாங்கள், நாங்களும் கேட்டம். இவங்களுக்கு வாக்குப் பெட்டி வந்தது" என்று நிறுத்திவிடுவார். மிச்சத்தைச் சொல்ல மாட்டார்.

இந்த 101ஆம் சட்டத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். பிரெஞ்சுதான் ஒரே அரச மொழி. பெரிய நிறுவனங்களில் வேலை மொழி பிரெஞ்சு. கடைப் பலகை பிரெஞ்சு. எல்லாவற்றையும் விட முக்கியமானது, வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அதுவரை வந்தவர்களில் அநேகர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்குத்தான் அனுப்பினார்கள். வட அமெரிக்காவுக்கு வந்துவிட்டு வேறென்ன செய்வார்கள்? ஒரு மொழியைச் சட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே என்று லெவெக்குக்கே அதில் ஒரு கூச்சம் இருந்தது. சட்டத்தை இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தவர் மந்திரி கமீல் லோரன், தொழிலால் மனநல மருத்துவர்.

மொழிச் சட்டம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் வயிற்றைக் கலக்கும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அப்பாவுக்குப் பத்து வயது. அவருடைய பெரியப்பா அரச உத்தியோகத்தை விட்டது அதனால்தான். 1989இல் கனடா வந்து, பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது சட்டப்படி பிரெஞ்சுதான் என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இஞ்சையுமா?" எங்களோடு வந்த பல குடும்பங்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் பார்த்துவிட்டு 401ஆம் நெடுஞ்சாலையில் ஏறி ரொறன்ரோ போய்விட்டன. ஆங்கிலப் பள்ளி, தமிழ்க் கடை, சொந்தபந்தம். நாங்கள் நின்றோம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாவின் தொழிற்சாலை வேலை நிரந்தரமாகியிருந்தது.

சரி, கியூபெக்காரர் யாரைப் போல? எங்களைப் போலவா, சிங்களவரைப் போலவா? வட அமெரிக்காவை எடுத்தால் ஆங்கிலக் கடலில் மிதக்கும் ஒரு சிறு துண்டு. அப்போது எங்களைப் போல. கியூபெக்கை மட்டும் எடுத்தால் அரசாங்கம் கையிலுள்ள பெரும்பான்மை. அப்போது அடுத்தவரைப் போல. பெரும்பான்மையாக இருந்துகொண்டே சிறுபான்மையின் பயத்தோடு வாழ்வது என்னவென்று இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டிலேயே அப்பா ஒரு பாதியைத்தான் பார்ப்பார், என் மகள் மறு பாதியைத்தான் பார்ப்பாள். நான் நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை மாறவில்லை.

101ஆம் சட்டம் வென்றது. அதுதான் இயக்கத்தின் சிக்கல் என்று நான் நினைக்கிறேன். முதலாளி ஆங்கிலத்தில் திட்டும் தொழிற்சாலை இப்போது கிடையாது. முதலாளிமாரில் பலர் பிரெஞ்சுக்காரரே. சன் லைஃப் காப்புறுதி நிறுவனம் 1978இல் தலைமையகத்தை ரொறன்ரோவுக்கு மாற்றியபோது பணம் போகிறதே என்று அழுதார்கள். உண்மையில் அந்த இடத்தில்தான் இவர்கள் ஏறினார்கள். எந்த அவமானத்தைத் துடைக்க நாடு வேண்டும் என்றார்களோ அதில் பெரும்பகுதியைச் சட்டமே துடைத்துவிட்டது. நாடு கேட்ட கட்சி, நாடு இல்லாமலே சமாளிக்கும் வழியைச் செய்து கொடுத்துவிட்டது.

வாக்குகளைப் பார்த்தாலும் இது தெரியும். 1980 மே மாத முதல் வாக்கெடுப்பில் 'ஆம்' 40 சதவீதம்தான். தோற்ற இரவில் லெவெக் "நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது, அடுத்த முறை பார்ப்போம் என்கிறீர்கள்" என்றார். பதினைந்து வருஷத்தில் 40 எப்படி 49 ஆனது? வாதத்தால் ஆகவில்லை. 1981 நவம்பரில் ஓர் இரவு மற்ற மாகாண முதல்வர்கள் லெவெக் தூங்கும்போது ஒட்டாவாவோடு பேசி முடித்தார்கள். 1982 அரசியலமைப்பில் கியூபெக் இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. பிறகு கியூபெக்கைத் தனித்தன்மையுள்ள சமூகம் என்று ஒரு வரி எழுதிச் சமாதானம் செய்வோம் என்று மீச் ஏரி ஒப்பந்தம் வந்தது. 1990 ஜூனில் அதுவும் செத்தது. அந்த வருஷம் கருத்துக்கணிப்புகளில் பிரிவினை ஆதரவு 60ஐத் தாண்டியது. கனடாவை விட்டுப் போகவே விரும்பாத முதல்வர் ரொபேர் பூராசாகூட எழுந்து, யார் என்ன சொன்னாலும் செய்தாலும் கியூபெக் தனித்தன்மையுள்ள, சுதந்திரமான சமூகம் என்று பேச வேண்டியதாயிற்று. ஒட்டாவாவில் மந்திரியாயிருந்த லூசியன் பூஷார் அந்தச் சண்டையிலேயே வெளியேறியவர். சதை தின்னும் கிருமியால் 1994 டிசம்பரில் ஒரு காலை இழந்தவர், மறு வருஷம் ஊன்றுகோலோடு மேடையேறியதும் 'ஆம்' பக்கம் எகிறியது. உணர்ச்சிதான் ஏற்றியது. முகத்தில் யாராவது அறைந்தால் இவர்கள் எழும்புவார்கள். யாரும் அறையாவிட்டால் கோடையில் ஏரிக்கரைக் குடிலுக்குப் போய்விடுவார்கள்.

இனி 2025 முடியும்போது இருந்த நிலவரம்.

2022 தேர்தலில் பார்த்தி கெபெக்வா கட்சிக்கு 125 இடங்களில் 3. செத்துவிட்டது என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். தலைவர் போல் சென்-பியேர் பிளாமொந்தோன், அப்போது 45 வயது, சட்டத்தரணி, கனடாவுக்கும் அரசரான பிரித்தானிய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மாட்டேன் என்று சட்டசபைக்கு வெளியே நின்றார். கடைசியில் சட்டத்தையே மாற்றினார்கள். அங்கிருந்து பிடித்தது. 2023 அக்டோபரில் கியூபெக் நகரத்தில் ஜான்-தலோன் இடைத்தேர்தல், 2025 மார்ச்சில் தெர்போன், ஆகஸ்டில் அர்த்தபஸ்கா. மூன்றும் அவர்களுக்கே. கருத்துக்கணிப்புகளில் நெடுநாளாக முதலிடத்தில் இருந்தார்கள். 2026 அக்டோபர் 5 பொதுத் தேர்தல். வென்றால் 2030க்குள் மூன்றாவது வாக்கெடுப்பு என்று தலைவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பழைய தலைவர்கள் போல 'வெற்றிக்கான சூழல் வரட்டும்' என்று மழுப்புவதில்லை. அந்த ஒளிவின்மைக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் ரொறன்ரோ உறவினர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கட்சிக்கு ஆதரவு ஏறியதுபோல நாட்டுக்கு ஆதரவு ஏறவில்லை. அது பல வருஷமாக மூன்றில் ஒன்று, கொஞ்சம் கூட என்ற அளவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. மக்களுக்கு அப்போது மாகாண முதல்வராயிருந்த பிரான்சுவா லெகோவின் அரசு அலுத்துவிட்டது. சாரதி அனுமதி, வாகனப் பதிவுக்கென்று கட்டிய இணைய அமைப்பின் செலவு 110 கோடி டொலரைத் தொடும் என்று கணக்காய்வாளர் சொன்ன நாளிலிருந்து அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. மாற்று யார் என்று பார்த்தால் கறை படாத ஆள் பிளாமொந்தோன். அதற்காகப் போடும் வாக்கை நாட்டுக்கான வாக்கென்று எண்ணினால் மறுபடி பரிசோ கணக்குத்தான்.

இன்னொரு வேடிக்கை. 2022இல் லெகோவின் கட்சி 41 சதவீத வாக்கோடு 90 இடம் எடுத்தது. 14 சதவீதம் சொச்சம் எடுத்த இரண்டு கட்சிகளில் லிபரல்களுக்கு 21 இடம், பார்த்தி கெபெக்வாவுக்கு 3. இந்தத் தேர்தல் முறையில் 35 சதவீதத்தோடு ஆட்சியைப் பிடித்துவிடலாம். வாக்கெடுப்பில் 35 என்றால் படுதோல்வி. ஆக, ஆட்சியைப் பிடிப்பது நடக்கக்கூடியது. வாக்கெடுப்பும் நடக்கலாம். வெல்வது வேறு மலை.

அந்த மலையில் கல்லும் முள்ளும் நிறைய. 1998இல் கனடிய உச்ச நீதிமன்றம், கியூபெக் ஒருதலையாகப் பிரிய முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் கனடா பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றது. மாமா அந்தத் தீர்ப்புச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தார். எங்கள் தேசத்துக்கு ஒரு நாள் உதவும் என்று. 'தெளிவான' என்றால் எத்தனை சதவீதம்? 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒட்டாவா அதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டது. பாதிக்கு மேல் ஒன்று போதும் என்று கியூபெக் பதிலுக்கு ஒரு சட்டம் போட்டது. 1995 கேள்வியையே எடுங்கள். புதிய பொருளாதார, அரசியல் கூட்டாண்மை ஒன்றை முறைப்படி முன்வைத்த பிறகு, இன்ன மசோதாவின்படியும் ஜூன் 12 உடன்பாட்டின்படியும் கியூபெக் இறைமையுள்ளதாவதை ஏற்கிறீர்களா? அப்பா என்னிடம் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். "கலியாணம் முறிஞ்சபிறகும் ஒரே வீட்டிலை இருப்பமோ எண்டு கேக்கிறாங்கள்" என்று நாலாவது முறை அவரே விளங்கிக்கொண்டார்.

பணம் அடுத்தது. நாடு முழுவதும் வசூலிக்கும் வரியிலிருந்து வருமானம் குறைந்த மாகாணங்களுக்கு ஒட்டாவா கொடுக்கும் சமன்பாட்டு நிதியில் 2025-26 நிதியாண்டில் கியூபெக்குக்கு ஒதுக்கியது 1,350 கோடி டொலருக்கு மேல். தேசியக் கடனில் பங்கு எவ்வளவு, ஓய்வூதியம் யார் தருவது, எந்த டொலரைப் புழங்குவது? 1995இல் கனடிய டொலரையே வைத்துக்கொள்வோம் என்றார்கள். வீட்டை விட்டுப் போகிறேன், சாப்பாடு மட்டும் இங்கேயே என்பது போல. மக்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை.

வடக்கு இன்னும் பெரிய சங்கடம். 1995 வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன், ஜேம்ஸ் விரிகுடாவைச் சுற்றி வாழும் கிரீ மக்கள் தாங்களே ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். கியூபெக்கோடு போகமாட்டோம் என்றவர்கள் 96 சதவீதம். கனடாவைப் பிரிக்கலாம் என்றால் கியூபெக்கையும் பிரிக்கலாம் என்றார்கள். மாகாணத்து மின்சாரத்தில் பெரும் பங்கு அவர்கள் நிலத்து அணைகளிலிருந்து வருகிறது. இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்ன எந்தச் சுதந்திர ஆதரவாளரையும் இந்த முப்பது வருஷத்தில் நான் சந்திக்கவில்லை. நல்ல மனிதர்கள்கூட இந்த இடத்தில் பேச்சை மாற்றுவார்கள்.

இதற்கு மேல் டிரம்ப். கனடாவை 51ஆவது மாநிலமாக்குவேன் என்று அவர் தொடங்கியதும், கியூபெக்காரருக்குக் கனடா மேல் திடீர்ப் பாசம். 2025 ஏப்ரல் மத்தியத் தேர்தலில், ஒட்டாவா நாடாளுமன்றத்தில் சுதந்திரம் கேட்கும் கட்சியான பிளாக் கெபெக்வா 32 இடங்களிலிருந்து 22க்கு இறங்கியது. கியூபெக் தனியே அமெரிக்காவுக்குப் பக்கத்தில் நிற்பதை நினைத்தால் யாருக்கும் குளிரும்.

அப்போ கதை முடிந்ததா என்றால், அப்படியும் சொல்லமாட்டேன். 1995லும் பிரசாரத்தின் தொடக்கத்தில் 'ஆம்' தோற்கும் என்றே கணித்தார்கள். ஆசிரியர், பொலிஸ், அரச வழக்கறிஞர் போன்றவர்கள் வேலையில் மத அடையாளம் அணியக்கூடாது என்ற 21ஆம் சட்டம் 2025இல் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது. அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்காது. எங்கள் பக்கத்து வீட்டு மொரோக்கோப் பெண் அதனால் ஆசிரியப் பயிற்சியை விட்டார். ஆனாலும் ஒட்டாவா நீதிபதிகள் அதை அடித்து நொறுக்கினால், இன்னொரு மீச் ஏரி ஆகலாம். முகத்தில் அறை என்று சொன்னேனே, அது எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்.

சரியாகச் சொன்னால், பிளாமொந்தோனின் தடை ஒட்டாவாவில் இல்லை. எங்கள் தெருவில் இருக்கிறது. வீட்டில் பெரும்பாலும் பிரெஞ்சு பேசுவோர் 2016இல் 79 சதவீதம், 2021இல் 77.5. இதைக் காட்டி, குடியேற்றத்தைக் குறையுங்கள், நாடாக இதுவே கடைசி வாய்ப்பு என்கிறார். பயம் பொய்யில்லை. ஒரு மொழி வீட்டுக்குள் தேய்வது எப்படி இருக்கும் என்று மொன்றியலில் தமிழ்ப் பிள்ளை வளர்ப்பவனுக்குத் தெரியாதா? ஆனால் 49ஐ 51 ஆக்க இவருக்குத் தேவையான அந்த இரண்டு பேரும் நாங்கள்தான். 101ஆம் சட்டம் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டு வளர்த்த ஹெயிட்டிக்காரர், வியட்நாமியர், அல்ஜீரியர், தமிழர். எங்கள் பிள்ளைகள் இவர்கள் உச்சரிப்பிலேயே பேசுகிறார்கள், இவர்கள் சபிக்கும் சொற்களிலேயே சபிக்கிறார்கள். காலையில் 'நூ' என்று கூப்பிட்டுவிட்டு மாலையில் குடியேறிகள் அதிகம் என்றால், எந்த நாங்கள் என்று அப்பா கேட்டதையே அவர்களும் கேட்பார்கள்.

என் மகள் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அப்போது பதினேழு வயது. பிரெஞ்சு செஜெப்பில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய கல்லூரியில், முதல் வருஷம். 2026 ஆகஸ்டில் பதினெட்டு, ஆகவே அந்த அக்டோபரில் வாக்கு உண்டு. 2025 அக்டோபர் 30, வியாழன் இரவு, முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்த உரையை அப்பப்பாவோடு உட்கார்ந்து பார்த்தாள். பரிசோ அந்த வாக்கியத்தைச் சொன்னதும் நிறுத்தினாள்.

"அப்பா, 'தெ' எண்டுதான் சொல்லுறார். 'லே' இல்லை. சில இனக்குழு வாக்குகள். எல்லா இனக்குழுவும் எண்டு சொல்லேல்லை. நீங்கள் பிழையா மொழிபெயர்த்திருக்கிறீங்கள்."

முப்பது வருஷம் கழித்துத் திருத்தம். அவள் சரி. ஆங்கிலப் பத்திரிகைகளும் அன்று அந்தப் பிழையைத்தான் விட்டன.

"சிலது எண்டாலும் அது நானெல்லோ பிள்ளை" என்றார் அப்பா. அவருக்கு அப்போது எழுபத்தொன்பது. முழங்கால் இரண்டும் போய்விட்டது, ஞாபகம் போகவில்லை.

"அந்த ஆள் செத்துப் பத்து வருஷமாச்சு, அப்பப்பா. நான் ஓம் எண்டு போட்டால் அது அவருக்குப் போடுறதில்லை."

"போடுவீரோ?"

"கேள்வியைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இன்று வாக்களித்தால் 'இல்லை'தான். நாடு தேவையில்லை என்பதால் அல்ல, அணைகளுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு என்ன பதில் என்று யாரும் சொல்லாததால். அவளிடம் இதைச் சொன்னேன். யோசித்துப் பார்க்கிறேன் என்றாள், யோசிக்கப் போவதில்லை என்ற தொனியில்.

பிறகு இருவரும் பந்தயம் கட்டினார்கள். 2030 முடிவதற்குள் வாக்கெடுப்பு நடக்கும் என்று அவள், நடக்காது என்று அப்பப்பா. எண்பத்துநாலு வயது வரை இருந்தால்தான் காசு வாங்கலாம் என்று நான் சொன்னதற்கு, அதற்காகவே இருப்பேன் என்றார். தொகை இருபது டொலர். மூலையில் கண்மூடி இருந்த மாமா, தூங்குகிறார் என்று நினைத்தோம், "எந்த டொலர்?" என்று கேட்டார்.